வெப்சைட் வீடு மாறுகிறது... கூகுளில் பிடித்த இடம் என்னவாகும்?

கூகுளில் ஏதோ ஒரு தகவலைத் தேடுகிறீர்கள். முதல் பக்கத்திலேயே, மூன்றாவதோ நான்காவதோ வரிசையில், நீங்கள் தேடிய விஷயம் அப்படியே தலைப்பாக வந்து நிற்கிறது. ஆர்வத்துடன் கிளிக் செய்கிறீர்கள். திரை வெள்ளையாகிறது. நடுவில் ஒரே ஒரு வரி: '404 நாட் ஃபவுண்ட்'. அதாவது, நீங்கள் கேட்ட பக்கம் இங்கே இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் இதைப் பார்த்ததும் தங்கள் கம்ப்யூட்டரில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ரௌட்டரை அணைத்துப் போடுவார்கள். விண்டோஸை ரீஸ்டார்ட் செய்வார்கள். வைரஸாக இருக்குமோ என்று பயப்படுபவர்களும் உண்டு. கவலைப்படாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. கூகுள் மீதும் பெரிய தவறில்லை. பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: அந்த இணைய தளம் வீடு மாறிப் போயிருக்கிறது. போகும்போது புது முகவரியைச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

நம் ஊர்க் கடைத் தெருவில், இடம் மாறும் ஜவுளிக்கடைக்காரர் பழைய கடையின் ஷட்டரில் ஒரு பேனர் கட்டிவிட்டுத்தான் போவார். 'எங்கள் கடை இதே தெருவில் எதிர்ப்புறம் மாற்றப்பட்டுள்ளது' என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கும். லட்சக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஒரு தளம் மாறும்போது அப்படி எத்தனை பேனர் கட்டுவது? எங்கே கட்டுவது? கட்டாவிட்டால் யாருக்கு நஷ்டம்? இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முகவரி ஏன் மாறுகிறது?

பிரவுசரின் மேல் பகுதியில் நீண்ட வரியாகத் தெரிகிறதே, அதுதான் பக்கத்தின் முகவரி. யூ.ஆர்.எல். என்பார்கள். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் தளத்தின் பெயர். அதை டொமைன் என்கிறோம். அதன்பின் சாய்கோடுகள் போட்டு, அந்தத் தளத்திற்குள் குறிப்பிட்ட பக்கம் எங்கே இருக்கிறது என்ற விவரம். தெருப் பெயரும் கதவு எண்ணும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தளங்களில் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஆள் உட்கார்ந்து தனித்தனியாக உருவாக்குவதில்லை. பின்னால் ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. கட்டுரையை எழுதி அதில் போட்டால், பக்கத்தை அமைத்து, முகவரியும் அதுவே கொடுத்துவிடும். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் முகவரி கொடுக்கும் விதம் வேறு. ஒன்று, புரியாத எண்களாகக் கொடுக்கும். இன்னொன்று தலைப்பையே முகவரியாக்கும். எனவே சாஃப்ட்வேரை மாற்றினால், உள்ளே இருக்கும் எழுத்தில் ஒரு கமா கூட மாறாமல் இருந்தாலும், முகவரிகள் அத்தனையும் ஒரே இரவில் மாறிவிட வாய்ப்பு உண்டு.

வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நல்ல முகவரி மாறவே கூடாது என்பதுதான் அதன் கருத்து. சொல்வது எளிது. சாஃப்ட்வேர் பழசாகிறது, செல்போனில் படிக்கும்படி பக்கங்களை மாற்றி அமைக்க வேண்டியிருக்கிறது, இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகின்றன. மாறாமல் இருக்க முடிவதில்லை. மாறிய பிறகு பழைய முகவரியில் வருபவரை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

கூகுள் எதை நினைவில் வைத்திருக்கிறது?

தேடல் இயந்திரங்களிடம் 'கிராலர்' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. கூகுளின் கிராலருக்கு கூகுள்பாட் என்று பெயர். அது இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்கு லிங்க் வழியாகத் தாவித் தாவிப் போய், படித்ததை எல்லாம் ஒரு பிரம்மாண்டமான பேரேட்டில் பதிவு செய்கிறது. நீங்கள் தேடும்போது கூகுள் இன்டர்நெட் முழுவதையும் அந்த நேரத்தில் தேடுவதில்லை. தன் பேரேட்டைத்தான் புரட்டுகிறது.

அந்தப் பேரேட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே? லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது உருவாக்கி, 1998ல் கூகுளைத் தொடங்கக் காரணமாக இருந்த யோசனை 'பேஜ்ரேங்க்'. ஒரு பக்கத்திற்கு வேறு தளங்கள் லிங்க் கொடுத்தால் அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்வது. சிபாரிசு செய்பவர் பெரிய மனிதராக இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இந்த அடிப்படை போய்விடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, சிபாரிசு எல்லாம் முகவரியின் பெயரில்தான் சேர்கிறது. பத்து ஆண்டுகளாகப் பத்திரிகைகளும் கல்லூரிகளும் ஒரு பக்கத்திற்குக் கொடுத்து வைத்த லிங்குகள் அனைத்தும் பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் புது முகவரிக்கு மாறிவிட்டு, பழையதை அப்படியே மூடிவிட்டால், கூகுளின் பார்வையில் நேற்றுவரை முதல் வரிசையில் இருந்த பக்கம் செத்துப்போனது. இன்று யாருக்கும் தெரியாத ஒரு புதுப் பக்கம் பிறந்திருக்கிறது. பேங்க் பாஸ்புக்கை ரயிலில் விட்டுவிட்டு வந்த கதைதான். பணம் இருக்கிறது, நம் பெயரில் எடுக்க முடியவில்லை.

பிரிட்டனில் நடந்த பெரிய இடமாற்றம்

இதை மிகப் பெரிய அளவில், பொதுமக்கள் பார்க்கும்படி செய்து காட்டியவர்கள் பிரிட்டிஷ் அரசாங்கத்தார். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2010ல் பிரிட்டிஷ் அரசுக்கு நூற்றுக்கணக்கான இணைய தளங்கள் இருந்தன. பொதுமக்களுக்கு டைரக்ட்கவ் என்று ஒரு தளம். 2004ல் தொடங்கியது. வியாபாரிகளுக்கு பிசினஸ் லிங்க் என்று இன்னொன்று. இவை போக ஒவ்வொரு அமைச்சகத்திற்கும், ஒவ்வொரு வாரியத்திற்கும் தனித்தனித் தளம். எதை எங்கே தேடுவது என்று மக்களுக்குக் குழப்பம். அந்த ஆண்டில் மார்த்தா லேன் ஃபாக்ஸ் என்பவர் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். லாஸ்ட்மினிட் டாட் காம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். துண்டு துண்டாக ஒட்டுப் போடுவதை விட்டுவிட்டு, அடியோடு மாற்றுங்கள் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

அதன்படி 2011ல் அரசு டிஜிட்டல் சேவை என்ற பிரிவு அமைக்கப்பட்டது. அவர்கள் உருவாக்கிய ஒரே தளம் கவ்.யூகே. 2012ம் ஆண்டு அக்டோபர் 17ம் தேதி அது டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொண்டது. அடுத்து 24 அமைச்சகங்களின் தளங்கள் 2013க்குள் உள்ளே வந்தன. 2014 முடிவதற்குள் 300க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளின் தளங்கள். 2013ல் லண்டன் டிசைன் மியூசியத்தின் 'ஆண்டின் சிறந்த வடிவமைப்பு' விருதும் கவ்.யூகேக்குக் கிடைத்தது. எல்லோரும் அதன் எளிமையான தோற்றத்தைப் பாராட்டினார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது, கண்ணுக்கே தெரியாத வேறொரு வேலை. பழைய முகவரி ஒன்றைக்கூட அநாதையாக விடுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. காருக்கு வரி கட்டச் சொல்லி வீட்டுக்கு வரும் கடிதத்தில் பழைய டைரக்ட்கவ் முகவரி அச்சாகியிருக்கும். மருத்துவமனை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் இருக்கும். நூலகங்கள் வைத்திருந்த கையேடுகளில் இருக்கும். லட்சக்கணக்கானோர் தங்கள் பிரவுசரில் புக்மார்க் செய்து வைத்திருப்பார்கள். சர்வரில் இருப்பதை மாற்றலாம். வீட்டு ஃப்ரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கும் காகிதத்தை யார் போய் மாற்றுவது?

இடம் காலியானால் யார் வந்து உட்காருவார்கள்?

தேடல் வரிசையில் அரசின் பக்கம் கீழே இறங்கினால் என்ன ஆகிவிடும், ஒரு கிளிக் கூடுதலாகச் செய்தால் போகிறது என்கிறீர்களா? அந்த இடம் காலியாக இருக்காது என்பதுதான் பிரச்னை.

அதே ஆண்டுகளில் பிரிட்டனில் 'காப்பிகேட்' தளங்கள் பெரிய தலைவலியாக இருந்தன. பார்ப்பதற்கு அரசு தளம் போலவே இருக்கும். பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், வருமான வரிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் வாங்கிக்கொள்ளும். அரசு வாங்கும் கட்டணத்துக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்து வசூலிக்கும். ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்யும்போது மருத்துவ வசதி பெறுவதற்கான அட்டையை அரசு இலவசமாகவே கொடுத்து வந்தது. அதற்கும் பணம் வாங்கிய தளங்கள் இருந்தன. இந்தத் தளங்கள் விளம்பரமாகவும் தேடல் முடிவுகளில் மேலே வந்து நின்றன. விஷயம் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். புதிதாக இன்டர்நெட் பழகியவர்களும் வயதானவர்களும் மேலே இருப்பதை முதலில் கிளிக் செய்து ஏமாந்தார்கள்.

நம் நாட்டிலும் இது உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கான அரசு தளத்திலேயே போலித் தளங்கள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே உண்மையான தளம் தேடலில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்வது வெறும் கௌரவப் பிரச்னை அல்ல. இடமாற்றத்தில் ஒரு வாரம் அது காணாமல் போனால், அந்த வாரம் தேடியவர்களின் பணம் தவறான கைக்குப் போகலாம்.

301 என்ற மந்திர எண்

சரி, அவர்கள் என்ன செய்தார்கள்? அதைப் புரிந்துகொள்ள நான்கு எண்கள் தெரிந்தால் போதும்.

நீங்கள் ஒரு முகவரியைக் கேட்டதும் சர்வர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லும். பக்கம் இருந்தால் 200. இது உங்கள் கண்ணில் படாது, நேராகப் பக்கம்தான் தெரியும். இல்லை என்றால் நமக்கு ஏற்கெனவே அறிமுகமான 404. 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இதோ புது முகவரி' என்றால் 301. பிரவுசர் இதைக் கேட்டதும் உங்களைக் கேட்காமலே புது முகவரிக்குப் போய்விடும். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நான்காவது எண் 410. 'இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம், இனி வராது' என்பது அதன் பொருள். 404 போல 'எனக்கு எதுவும் தெரியாது' என்று கையை விரிப்பது இல்லை.

கூகுள்பாட்டும் இதே எண்களைத்தான் படிக்கிறது. 301 என்று கேட்டால், பழைய முகவரியின் பெயரில் சேர்ந்திருந்த சிபாரிசுகளைப் புது முகவரிக்கு மாற்றி எழுதிக்கொள்ளும். முன்பெல்லாம் இப்படி மாற்றும்போது கொஞ்சம் மதிப்பு கசிந்து போகும் என்று பேச்சு இருந்தது. அப்படி இழப்பு எதுவும் இல்லை என்று 2016ல் கூகுள் தரப்பிலிருந்தே சொல்லிவிட்டார்கள்.

கவ்.யூகே குழுவினர் மூட வேண்டிய ஒவ்வொரு தளத்தின் பழைய முகவரிகளையும் திரட்டினார்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்கு ஈடான புதிய பக்கம் எது என்று எழுதினார்கள். நாம் எக்ஸெலில் மளிகைக் கணக்கு போடுவது போல, பழையது ஒரு கட்டத்தில், புதியது அடுத்த கட்டத்தில், எந்த எண் என்பது மூன்றாவது கட்டத்தில். தொடக்கத்தில் இந்தப் பட்டியல்கள் சாதாரண சி.எஸ்.வி. ஃபைல்களாகத்தான் இருந்தன. எக்ஸெலில் திறக்கக்கூடிய அதே ஃபைல்தான். ஓர் அரசாங்கத்தின் இடமாற்றமே இந்த ஃபைல்களை நம்பி நடந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வருகிறது.

எல்லாப் பக்கங்களும் புதுத் தளத்திற்கு வரவில்லை. யாருக்கும் பயன்படாத பழைய பக்கங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றைக் கழித்துக் கட்டினார்கள். ஆனால் அவற்றின் முகவரிகளைச் சும்மா விடவில்லை. 410 என்று பதில் சொல்லி, கூடவே ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். 'நீங்கள் கேட்டது நீக்கப்பட்டுவிட்டது. அதன் பழைய பிரதி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது' என்று அதில் லிங்க் இருக்கும். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் அரசு இணைய தளங்களை அவ்வப்போது பிரதி எடுத்துச் சேமித்து வருகிறது. ஆக, பக்கம் போனாலும் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

பிறகு இந்த வேலைக்கென்றே தனி சாஃப்ட்வேர் எழுதினார்கள். அதற்கு 'பவுன்சர்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய ஹோட்டல்களின் வாசலில் கறுப்புச் சட்டையில் நிற்பாரே, அவர்தான். பழைய டொமைன்கள் எல்லாம் இந்த வாசற்காவலரிடம் வந்து சேரும்படி செய்துவிட்டார்கள். வருபவர் எந்த முகவரியைக் கேட்கிறார் என்று பட்டியலில் பார்த்து, வழி சொல்லி அனுப்புவது மட்டுமே அதன் வேலை. 'டிரான்சிஷன்' என்ற இன்னொரு சாஃப்ட்வேர் மூலம் அந்தந்தத் துறை ஊழியர்களே பட்டியலைத் திருத்த முடிந்தது. எந்தெந்தப் பழைய முகவரிகளைக் கேட்டு வந்தவர்கள் வழி கிடைக்காமல் நின்றார்கள் என்பதையும் அது கணக்கெடுத்துக் காட்டியது. முதல் நாள் விட்டுப்போனதை இரண்டாம் நாள் சேர்த்துவிடலாம். இந்தப் பகுதிதான் மிக முக்கியம் என்பேன். எவ்வளவு கவனமாகப் பட்டியல் போட்டாலும் ஏதாவது விட்டுப்போகும். விட்டுப்போனது எது என்று நமக்குச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. முதலில் இரண்டு தளங்கள், பிறகு அமைச்சகங்கள் ஒவ்வொன்றாக, பிறகு வாரியங்கள் என்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பெரிய தளங்களைப் பகுதி பகுதியாக மாற்றுவது நல்லது என்றுதான் கூகுளும் சொல்கிறது. ஒரு பகுதியில் தவறு நடந்தால் அடுத்த பகுதியில் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

கை தவறும் இடங்கள்

இடமாற்றத்தில் இடம் இழப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள்.

பட்டியல் போடச் சோம்பல்பட்டு, பழைய முகவரிகள் எல்லாவற்றையும் புதுத் தளத்தின் முகப்புப் பக்கத்திற்குத் திருப்பிவிடுவது முதல் தவறு. எங்கள் பாட்டி வீட்டுக்கு வழி கேட்டவரை ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவது போல. வந்தவர் முழிப்பார். கூகுளும் இதை ஏற்பதில்லை. இதை மறைமுகமான 404 என்றே கணக்கில் எடுத்துக்கொண்டுவிடும்.

301க்குப் பதிலாக 302 போடுவது இன்னொன்று. 302 என்றால் 'தற்காலிகமாக அங்கே போ' என்று பொருள். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பக்கத்துத் தெருவில் தங்குவது போன்றது. நிரந்தரமாகப் போகிறவர்கள் 301தான் சொல்ல வேண்டும். சாஃப்ட்வேர் தானாக 302 போட்டிருப்பதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

எல்லாவற்றிலும் பரிதாபமானது மூன்றாவது. புதுத் தளத்தைக் கட்டும்போது, அரைகுறை வேலையை கூகுள் பார்த்துவிடக் கூடாது என்று 'உள்ளே வராதே' எனக் கட்டளை எழுதி வைப்பது வழக்கம். வேர்ட்பிரஸில்கூட இதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். திறப்பு விழா அவசரத்தில் அந்த டிக்கை எடுக்க மறந்துவிடுவார்கள். தளம் அழகாக இருக்கும். எல்லோரும் கைகுலுக்குவார்கள். கூகுளோ வாசலில் 'பிரவேசம் இல்லை' போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும்.

தவறே செய்யாவிட்டாலும் சில வாரங்களுக்கு வரிசை மேலும் கீழும் ஆடும். கிராலர் எல்லாப் பக்கங்களையும் மீண்டும் வந்து பார்க்க வேண்டுமே! சிறிய, நடுத்தரத் தளங்களுக்குச் சில வாரங்கள் ஆகலாம், பெரியவற்றுக்கு இன்னும் கூடுதலாகும் என்பது கூகுள் தரும் கணக்கு. அந்த நேரத்தில் பதறிப்போய் மறுபடி எதையாவது மாற்றுவது ஆபத்து.

தமிழ்த் தளங்கள் மாறியபோது

தமிழ் இணையமும் ஒரு பெரிய இடமாற்றத்தைப் பார்த்திருக்கிறது. ஆனால் அதன் கதை தலைகீழ். 2000களின் தொடக்கத்தில் பல தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று வெவ்வேறு எழுத்துக் குறியீடுகளிலோ தங்கள் சொந்த ஃபான்ட்டிலோ இருந்தன. ஃபான்ட்டை டவுன்லோட் செய்தால்தான் படிக்க முடியும். தேடல் இயந்திரத்திற்கு அது தமிழாகவே தெரியாது. கன்னாபின்னா என்று ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். எனவே தமிழில் தேடினால் அவை கிடைக்காது. யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் அந்தப் பக்கங்களில் இருந்த சொற்கள் தேடலுக்கு அகப்பட்டன. தமிழக அரசு 2010ல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றது. அங்கே யாரும் கூகுளில் இடத்தை இழக்கவில்லை, பல தளங்களுக்கு அப்போதுதான் முதன்முதலாக இடமே கிடைத்தது. ஆனால் மாறியவர்கள் பலர் பழைய முகவரிகளை அப்படியே கைவிட்டதில், அவற்றுக்கு வாசகர்கள் கொடுத்து வைத்திருந்த லிங்குகள் செத்துப்போயின.

இதில் எனக்கும் பங்கு உண்டு. கம்ப்யூட்டர் குறிப்புகளுக்காக ஒரு சிறு தளம் வைத்திருந்தேன். நூற்றுச் சொச்சம் பக்கங்கள். யூனிகோடுக்கு மாற்றும் உற்சாகத்தில் ஃபைல் பெயர்கள் அனைத்தையும் அழகாகத் திருத்தினேன். 301 என்று ஒன்று இருப்பதே அன்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து வாசகர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது: 'நன்றாக நடத்தி வந்தீர்கள், ஏன் சார் மூடிவிட்டீர்கள்?'

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது

முதலில், 404 பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். முகவரி வரியின் கடைசிப் பகுதியை, அதாவது கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை அழித்துவிட்டு என்டர் தட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் அதற்கு முந்தைய பகுதியையும் அழியுங்கள். பெரும்பாலும் தளத்தின் ஏதாவது ஒரு படியில் கால் ஊன்றிவிடலாம். அல்லது பக்கத்தின் தலைப்பை மேற்கோள் குறிகளுக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள், புது முகவரி அகப்படலாம். எதுவும் இல்லையென்றால் இன்டர்நெட் ஆர்கைவ் இருக்கிறது. 1996 முதல் வெப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் அமைப்பு. அதன் 'வேபேக் மெஷின்' பக்கத்தில் இறந்துபோன முகவரியை ஒட்டினால், அது உயிரோடு இருந்த நாளின் பிரதி பல சமயம் கிடைக்கும். 2009 அக்டோபரில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடியபோது எண்ணற்ற சொந்தத் தளங்கள் ஒரே அடியாகப் போயின. அவற்றில் பலவற்றை இன்று பார்க்க முடிவது இப்படிப் பிரதி எடுத்து வைத்தவர்களின் புண்ணியத்தால்தான்.

அடுத்து, உங்களுக்கே ஒரு தளமோ பிளாகோ இருந்து அதை மாற்றப் போகிறீர்கள் என்றால், மாற்றுவதற்கு முன் அத்தனை முகவரிகளையும் ஒரு பட்டியலாக எடுங்கள். கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவச வசதியில் உங்கள் தளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கங்களுக்குத் தேடல் வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று அதிலேயே தெரியும். அவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். எக்ஸெல் இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். இடது கட்டத்தில் பழையது, வலது கட்டத்தில் புதியது.

பிளாகரில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. உங்கள் சொந்த டொமைனை பிளாகருடன் இணைத்தால், பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருபவர்களை அதுவே புதிதிற்குத் திருப்பிவிடும். வேர்ட்பிரஸை உங்கள் சொந்த ஹோஸ்டிங்கில் வைத்திருப்பவர்கள் 'ரீடைரக்‌ஷன்' என்ற இலவச பிளக்இன்னைப் போட்டுக்கொண்டு, பட்டியலை அதில் ஏற்றிவிடலாம். அப்பாச்சி சர்வரில் நேரடியாகச் செய்ய விரும்பினால் எச்.டி.அக்சஸ் என்ற ஃபைலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: ரீடைரக்ட் என்ற சொல், ஒரு ஸ்பேஸ், 301 என்ற எண், ஒரு ஸ்பேஸ், பழைய முகவரியில் டொமைனுக்குப் பின்னால் வரும் பகுதி, ஒரு ஸ்பேஸ், முழுப் புது முகவரி. இந்த ஃபைலைத் தொடுவதற்கு முன் ஒரு பேக்அப் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து தவறினாலும் தளம் முழுவதும் நின்றுவிடும். நான் நிறுத்தியிருக்கிறேன்.

முடித்ததும் பழைய பட்டியலிலிருந்து ஒரு இருபது முகவரிகளையாவது பிரவுசரில் தட்டிப் பாருங்கள். வேறு டொமைனுக்கே போய்விட்டீர்கள் என்றால் சர்ச் கன்சோலில் 'முகவரி மாற்றம்' என்ற பகுதியில் கூகுளுக்கு முறையாகத் தெரிவிக்கலாம். திருப்பிவிடும் ஏற்பாட்டைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். வாசகர்களுக்காக அதற்கு மேலும் வைத்திருப்பதே நல்லது. அதற்குப் பழைய டொமைன் உங்கள் கையில் இருக்க வேண்டும். இனி நமக்கு எதற்கு என்று ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால், அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். காலாவதியாகும் டொமைன்களுக்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. உங்கள் பழைய லிங்க்கை நம்பிக் கிளிக் செய்பவர் சூதாட்ட விளம்பரத்தில் போய் விழுவார். டொமைன் வாங்கிய நிறுவனத்தின் பக்கத்தில் லாகின் செய்து, 'ஆட்டோ ரினியூ' என்ற இடத்தில் டிக் இருக்கிறதா, அங்கே கொடுத்த மெயில் முகவரி இன்னும் நீங்கள் பார்க்கும் மெயில்தானா என்று இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.